பால்மரக் கன்றுகளில் வெள்ளை வேர் நோய்: ஓக் மரத்து வைத்தியம் இங்கே செல்லுமா?

மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் பக்கம் மூன்று ஏக்கர் வைத்திருப்பவர் கேட்டிருப்பது இது. பழைய பால்மரங்களை, அதாவது ரப்பர் மரங்களை, வெட்டிவிட்டு மறுநடவு செய்து மூன்று வருஷம் ஆகிறது. ஒரே வரிசையில் நான்கு கன்றுகளுக்கு இலை வெளிறிவிட்டது, ஐந்தாவது பட்டே போய்விட்டது. பட்ட மரத்தின் அடியில் ஆரஞ்சு நிறத் தட்டுக் காளான், மண்ணைக் கிளறினால் வெள்ளை நூல். பக்கத்தில் ஒரு செம்படாக்கும் (பலா இனத்துப் பழமரம்) வாடுகிறது. இங்கிலாந்து ஓக் மரங்களைப் பற்றிய ஒரு காணொளியில் இதே மாதிரி காட்டினார்களாம். அதுவும் இதுவும் ஒன்றா, பக்கத்து எஸ்டேட் செம்பனையிலிருந்து தொற்றியதா, கந்தகத்தைப் போட்டால் அடங்குமா, நிலத்து ஓரத்தில் இருக்கும் கோயில் அரசமரத்துக்கும் வருமா என்று நான்கு கேள்வி. நான்குக்கும் அடியில் இருப்பது ஒரே கேள்விதான்: மிச்ச மரங்கள் பிழைக்குமா? பெரும்பாலானவை பிழைக்கும். ஆனால் உங்கள் உழைப்பும் பணமும் போக வேண்டிய இடம் அந்தக் காளான் இல்லை, மஞ்சளான கன்றும் இல்லை. மண்ணுக்குள் புதைந்து கிடக்கும் பழைய மரத்துக் கட்டை.

முதலில் அந்த ஓக் சமாச்சாரம். காணொளியில் நீங்கள் பார்த்தது அநேகமாகத் தேன் காளான், ஆர்மில்லாரியா மெல்லியா. அங்கே இலையுதிர் காலத்தில் மரத்தடியில் தேன் நிறக் குடைகள் கொத்துக் கொத்தாக எழும். பட்டையை உரித்தால் உள்ளே காகிதம் ஒட்டியது போல வெள்ளைப் படலம், முகர்ந்தால் நல்ல காளான் வாசம். மண்ணில் ஓடுவது கறுப்புக் கயிறு, பூட்ஸ் கயிறு மாதிரி. உங்கள் நிலத்தில் கயிறு வெள்ளை, காளான் குடையாக இல்லாமல் தட்டாக இருக்கிறது. அதனால் பூஞ்சை வேறு. நீங்கள் விவரித்த அடையாளங்கள் பொருந்துவது வெள்ளை வேர் நோய்க்கு. பூஞ்சையின் பெயர் ரிஜிடோபோரஸ் மைக்ரோபோரஸ். ஆனால் இரண்டும் பிழைக்கும் வழி ஒன்றுதான். செத்த அடிக்கட்டையைச் சாப்பாட்டு மூட்டையாக வைத்துக்கொண்டு, அங்கிருந்து வேர்வழியாகப் பக்கத்து உயிர் மரத்துக்குப் போகின்றன. அதனால் ஓக் மரத்துக்கு அவர்கள் சொல்லும் வைத்தியத்தில் பாதி இங்கேயும் செல்லும்: கட்டையை வேரோடு எடுப்பது, இடையில் தடுப்பு போடுவது. இங்கிலாந்தில் தேன் காளானுக்கென்று வீட்டுத் தோட்டக்காரர்கள் வாங்க அனுமதியுள்ள மருந்து எதுவும் கிடையாது. அதனால்தான் 45 சென்டிமீட்டர் ஆழத்துக்குக் கனமான பிளாஸ்டிக் தாளையோ பியூட்டைல் ரப்பர் தாளையோ செங்குத்தாகப் புதைக்கச் சொல்கிறார்கள். நமக்கு ரப்பர் தாளும் வேண்டாம், அந்த ஆழமும் போதாது. அதைப் பிறகு சொல்கிறேன்.

ஓக் என்றதும் இன்னொன்று. அமெரிக்காவில் ஓக் வாடல் என்று ஒரு நோய் உண்டு. அது வேரை அழுகவைக்காது, மரத்தின் நீர்க்குழாய்களை அடைத்துவிடும். அடுத்தடுத்த ஓக் மரங்களின் வேர்கள் ஒன்றோடொன்று ஒட்டி வளர்வதால் அந்த வழியாகவும், வண்டுகள் மூலமாகவும் பரவும். கலிஃபோர்னியாவில் ஓக் மரங்கள் திடீரென்று பட்டுப்போவதற்குக் காரணம் ஃபைட்டோப்தோரா. அது உண்மையில் பூஞ்சையே அல்ல, பாசியினத்துக்கு நெருங்கிய ஒரு உயிர். இந்த வித்தியாசத்தைப் படிப்புக்காகச் சொல்லவில்லை. நம் ஊர் டுரியான் மரத்தில் பட்டை கசிந்து புண்ணாவது அந்த ஃபைட்டோப்தோராவின் உறவுக்காரனால்தான். டுரியானுக்கு மரத்தில் ஊசி ஏற்றும் பாஸ்போனிக் அமிலம் அதற்குக் கேட்கும், வெள்ளை வேருக்குக் கேட்காது. கடையில் "மரம் அழுகுது, மருந்து குடுங்க" என்று பொதுவாகக் கேட்டால் அந்தப் போத்தல் கைக்கு வந்துவிடலாம். நோயின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். ஓக் நமக்கு முழுக்க அந்நியமும் இல்லை, கேமரன் மலை போன்ற உயரக் காடுகளில் மலாய்க்காரர்கள் மெம்பெனிங் என்று சொல்லும் மரங்கள் ஓக் குடும்பம்தான்.

இனி உங்கள் மரத்துக்கு வருவோம். படத்தையும் வர்ணனையையும் மட்டும் வைத்து நோயை உறுதி செய்ய முடியாது, இலையை வைத்துச் சொல்லவே முடியாது. வேர் கெட்ட எந்த மரமும் ஒரே மாதிரிதான் வாடும். இலையின் பளபளப்புப் போகும், ஓரங்கள் கீழ்நோக்கி மடிந்து படகு மாதிரி ஆகும், பிறகு மஞ்சள். மூன்று வயதுக் கன்று காலமில்லாத காலத்தில் பூத்தால் அது செழிப்பு இல்லை, சாகப்போகும் மரம் விதை போடப் பார்க்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். இதோடு குழப்பிக்கொள்ளக்கூடிய இலை நோய்களும் உண்டு. 2017 வாக்கிலிருந்து மலேசியாவில் பெஸ்டலோடியாப்சிஸ் இலையுதிர் நோய் பரவியிருக்கிறது. அதில் முற்றிய இலையில் வட்டமான புள்ளிகள் தெரியும், ஒரு பகுதி மரங்கள் முழுவதும் சேர்ந்து இலை கொட்டும். வருஷ ஆரம்பத்தில் வழக்கமாக இலை உதிர்வதும் எல்லா மரத்திலும் சேர்ந்தே நடக்கும். வேர் நோய் அப்படி வராது. ஒரு இடத்தில் தொடங்கி வரிசையோடு ஒவ்வொன்றாக நகரும், நடுவில் ஒரு பொட்டல் விழும். நீங்கள் சொன்ன "ஒரே வரிசையில் நான்கு" என்பது அந்த வகை.

உறுதி செய்ய அடிமண்ணைத் திறக்க வேண்டும். சங்கூலால் (மண்வெட்டியால்) வெட்டாதீர்கள், வேர் காயம்பட்டால் நோய்க்கு நீங்களே வாசல் வைத்தது போல. கையாலோ சின்னக் கரண்டியாலோ மரத்தைச் சுற்றி ஒரு சாண் ஆழத்துக்கு மண்ணை விலக்கி, ஆணிவேரின் தலைப்பையும் பக்கவேர்கள் பிரியும் இடத்தையும் வெளியே கொண்டுவாருங்கள். தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டுப் பாருங்கள். வெள்ளை வேர் என்றால் வேரின் மேல் வெள்ளை நூல்கள் ஒட்டிக்கொண்டு ஓடும். நகத்தால் சுரண்டினால்தான் வரும், தடவினால் போகாது. பழைய நூல் மஞ்சளாகவோ பழுப்பாகவோ மாறியிருக்கும், நுனியில் விசிறி மாதிரி விரியும். அழுகிய கட்டை முதலில் வெளுத்தும் கெட்டியாகவும் இருக்கும், ஈர மண்ணில் பிறகு பஞ்சு போலாகிவிடும். இலைச் சருகுக்கு அடியில் வரும் சாதாரண வெள்ளைப் பூஞ்சணமும் வெள்ளைதான், ஆனால் அது வேரைப் பற்றாது, கழுவினால் போய்விடும். இந்த ஒரு சோதனையைத் தவறவிட்டு நல்ல மரத்துக்கு மருந்து ஊற்றுகிறவர்கள் உண்டு.

கழுவிய வேரின் மேல் சிவப்புத் தோல் போர்த்தி, ஈரத்தில் திராட்சை ரசம் போலத் தெரிந்தால் அது சிவப்பு வேர் நோய், கனோடெர்மா இனம். பொதுவாக வயதான மரங்களில் மெதுவாக வரும். மண்ணும் சிறு கல்லும் சிமெண்டு பூசியது போல வேரோடு கெட்டியாக ஒட்டி, கட்டைக்குள் தேன்கூடு மாதிரிப் பழுப்புக் கோடுகள் ஓடினால் பழுப்பு வேர் நோய், ஃபெல்லினஸ் நாக்சியஸ். மூன்றுக்கும் கட்டையை எடுப்பது பொது. மருந்து கேட்கும் விதம் வேறு.

தட்டுக் காளானைப் பற்றி. வெள்ளை வேரின் தட்டு புதிதாக இருக்கும்போது மேலே ஆரஞ்சு, விளிம்பு பளிச்சென்று மஞ்சள், அடிப்பக்கம் செம்பழுப்பு. காய்ந்தால் வெளிறிவிடும், வளையம் வளையமாகக் கோடு தெரியும். இது வெளியே வந்துவிட்டால் உள்ளே வேலை முடிந்துவிட்டது என்று பொருள். தட்டைப் பிடுங்கி எறிந்தால் அந்த மரம் பிழைக்காது. இருந்தாலும் பிடுங்கத்தான் வேண்டும், ஏனென்றால் அதிலிருந்து பறக்கும் வித்துத்தூள் புதிதாக வெட்டிய கட்டையின் முகத்தில் விழுந்து முளைக்கும். பையில் போட்டுக் கட்டி எடுத்துப் போங்கள், உதறிக்கொண்டு போகாதீர்கள். பட்ட பால்மரத்தில் சாம்பல் நிறத்தில், மேலே ரோமம் மாதிரி, விரல் நகம் அளவுக்கு விசிறி விசிறியாக வருவது குலாட் சிசிர். அதைப் பறித்துச் சமைப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அது செத்த கட்டையைத் தின்ன வந்தது, உங்கள் கன்றுகளைக் கொன்ற குற்றவாளி அது இல்லை. சொல்லப்போனால் அந்த மாதிரிப் பூஞ்சைகள் கட்டையைச் சீக்கிரம் மக்கவைப்பது உங்களுக்கு லாபம்.

பக்கத்து எஸ்டேட் செம்பனை மேல் பழி போட வேண்டாம். செம்பனையின் அடித்தண்டு அழுகலுக்குக் காரணம் கனோடெர்மா போனினென்ஸ். அதன் தட்டு வார்னிஷ் பூசியது போலப் பளபளக்கும், செம்பழுப்பு, விளிம்பு வெள்ளை. அது பனைக் குடும்பத்து மரங்களைப் பிடிக்கும் பூஞ்சை. தென்னங்கட்டையில் சத்தமில்லாமல் குடியிருந்துவிட்டு, அதே நிலத்தில் நட்ட செம்பனையைத் தாக்கும். 1931-ல் மலாயாவில் இதை எழுதிவைத்த காலத்தில், 25 வயது தாண்டிய கிழட்டு மரங்களின் நோய் என்றுதான் நினைத்தார்கள். செம்பனைக்கு மேல் செம்பனை என்று மறுநடவு ஆக ஆக, இளமரத்துக்கும் வந்துவிட்டது. உங்கள் பால்மரத்துக்கு அங்கிருந்து வெள்ளை வேர் வரவில்லை. நீங்கள் பின்னால் பால்மரத்தை விட்டுவிட்டுச் செம்பனைக்கு மாறினால்தான் அந்தக் கவலை, அப்போதும் பார்க்க வேண்டியது வேலிக்கு அந்தப் பக்கத்தை விட உங்கள் நிலத்தில் முன்பு தென்னை இருந்ததா என்பதை.

அப்படியென்றால் எங்கிருந்து வந்தது? உங்கள் நிலத்திலேயே இருந்தது. இந்தப் பூஞ்சை நம் காட்டிலேயே இருந்த உயிர். 1877-ல் உங்களுக்குப் பக்கத்துக் கோலகங்சாரில் முதல் பால்மரக் கன்றுகள் நட்டார்கள். 1904-ல் சிங்கப்பூர் தாவரத் தோட்டத்தில், அதன் இயக்குநர் ரிட்லி பால்மரத்தில் இந்த நோயைப் பதிவு செய்துவிட்டார். காட்டை வெட்டி ரப்பர் போட்டபோது காட்டுக் கட்டையிலிருந்து வந்தது, ரப்பரை வெட்டி ரப்பர் போடும்போது ரப்பர்க் கட்டையிலிருந்து வருகிறது. மரம் வெட்டும் காண்டிராக்ட்காரர் பலகைக்கு உதவும் தண்டை லாரியில் ஏற்றிவிட்டு, அடிக்கட்டையையும் வேரையும் விட்டுவிட்டுப் போய்விடுவார். கிழட்டு மரத்துக்கு நோய் இருந்தாலும் வெளியே தெரியாமல் பால் கொடுத்துக்கொண்டே இருந்திருக்கும், வேர் அவ்வளவு பெரிது. அந்தக் கட்டையில் பூஞ்சை வருஷக்கணக்கில் உட்கார்ந்திருக்கும். கன்றின் வேர் வளர்ந்து போய் அதைத் தொடும் நாள்தான் நோய் தொடங்கும் நாள். நட்ட முதல் ஐந்து வருஷத்தில் சாவு அதிகமாக இருப்பதற்குக் காரணம் இதுதான்.

வேலையைத் தொடங்கும்போது பட்ட மரத்திலிருந்து தொடங்காதீர்கள், நல்ல மரத்திலிருந்து உள்ளே வாருங்கள். வரிசையின் இரண்டு பக்கமும், அடுத்த வரிசைகளிலும், அடிமண்ணைத் திறந்து பார்த்துக்கொண்டே போய், நூல் இல்லாத சுத்தமான மரம் எங்கே வருகிறது என்று குறியுங்கள். பச்சையாக நிற்கும் மரத்திலும் நூல் ஏறியிருக்கலாம், ஏனென்றால் இந்தப் பூஞ்சை வேரின் மேற்பரப்பைப் பற்றிக்கொண்டு, அழுகல் உள்ளே இறங்கும் இடத்துக்கு வெகு முன்னதாகவே ஓடும். நூல் ஓடுவதற்கும் அழுகல் இறங்குவதற்கும் நடுவில் உள்ள அந்த இடைவெளிதான் நமக்குக் கிடைக்கும் அவகாசம். எல்லா மரத்தையும் தோண்டிப் பார்க்க ஆள் இல்லை என்றால் பழைய தோட்டத்து உபாயம் ஒன்று உண்டு. சந்தேகமான மரங்களின் அடியில் வெட்டிய புல்லையோ சருகையோ கழுத்தை (தண்டு மண்ணைத் தொடும் இடத்தை) ஒட்டிக் குவித்து, ஈரமாக இரண்டு மூன்று வாரம் விட்டுவிட்டு விலக்கிப் பாருங்கள். வேரில் நூல் இருந்தால் அந்த ஈரத்துக்கு மேலே ஏறி மரத்தின் கழுத்தில் வெள்ளையாகத் தெரியும். பார்த்த பிறகு குவியலை எடுத்துவிட மறக்கக்கூடாது. அப்படியே விட்டால் நோய்க்குப் பந்தல் போட்டுக் கொடுத்த கதை.

மரங்களை மூன்றாகப் பிரித்துக்கொள்ளுங்கள். நூல் மேலே மட்டும் ஓடி, வேர் கத்தி முதுகால் தட்டினால் கெட்டியாக இருக்கிறது என்றால், நூலைச் சுரண்டி எடுத்துவிட்டு மருந்து ஊற்றி மண்ணை மூடுங்கள், மரம் பிழைக்கும். ஒன்றிரண்டு பக்கவேர் அழுகியிருந்தால், நல்ல கட்டை தெரியும் இடத்தையும் தாண்டி ஒரு சாண் தள்ளி வெட்டி, அழுகிய துண்டை மண்ணில் விடாமல் எடுத்து, வெட்டுவாயில் தார் பூசி, பிறகு மருந்து. இது பிழைக்கலாம், பிழைக்காமலும் போகலாம். ஆணிவேரே அழுகியிருந்தாலோ, கழுத்தைச் சுற்றிப் பாதிக்கு மேல் மெத்தென்று ஆகியிருந்தாலோ, இலை முழுக்க மஞ்சளாகியிருந்தாலோ மருந்துக்குக் காசு போடாதீர்கள். நீங்கள் சொன்ன நான்கு மஞ்சள் கன்றில் இரண்டு மூன்றாவது இந்தக் கணக்கில் வரும் என்று மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள். அவற்றைப் பிடுங்கி, விரல் கனத்துக்கு மேற்பட்ட வேர் எதையும் மண்ணில் விடாமல் துழாவி எடுங்கள். கையோடு அந்த வரிசையில் புதைந்திருக்கும் பழைய கட்டையையும் தேடி எடுக்க வேண்டும். முதல் கன்று பட்ட இடத்துக்குப் பக்கத்திலேயே அது இருக்கும். பெரிய கட்டை என்றால் கையால் ஆகாது, மண்வாரி இயந்திரத்தை அரை நாளைக்கு வாடகைக்கு எடுப்பது இரண்டு வருஷத்து மருந்துச் செலவை விடக் குறைவாக வரும் என்பது என் கணிப்பு. எடுத்த கட்டையைக் கொளுத்தாதீர்கள், 1974-ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின் கீழ் திறந்தவெளி எரிப்புக்குக் கட்டுப்பாடு இருக்கிறது. வேர் மேலே பார்க்கும்படி கவிழ்த்து, மண்ணில் படாமல் வெயிலில் காயவிடுங்கள். காய்ந்த கட்டையில் இந்தப் பூஞ்சை நிலைக்காது. மறுபடி மண்ணைத் தள்ளி மூடினால்தான் உயிர்பெறும்.

மருந்து என்று நான் சொல்வது ட்ரையசோல் வகைப் பூஞ்சைக்கொல்லி: ப்ரோபிகோனசோல், ஹெக்சகோனசோல், ட்ரையடிமெஃபான். போத்தலில் பதிவு எண்ணும், வேர் நோய்க்கான அளவும் அச்சிட்டிருக்க வேண்டும், கலவை அளவை அந்த லேபிளிலிருந்து எடுங்கள். ஒரே மருந்து வெவ்வேறு செறிவில் வருவதால், ஒரு போத்தலின் கணக்கை இன்னொன்றுக்குப் போடுவதில்தான் தப்பு நடக்கிறது. கலந்த தண்ணீரை இளமரம் ஒன்றுக்கு 1 முதல் 2 லிட்டர் வரை, கழுத்தைச் சுற்றிச் சின்னக் கிண்ணம் மாதிரி மண்ணை அணைத்து, மெதுவாக ஊற்றுங்கள். இலைமேல் அடிப்பதில் பிரயோஜனம் இல்லை. அடைமழையில் ஊற்றினால் மருந்து வடிகாலோடு போய்விடும், காய்ந்து வெடித்த மண்ணில் ஊற்றினால் ஒரே வெடிப்பில் இறங்கிவிடும். மழை விட்ட மறுநாள் சரியான நாள். ஆறு மாதத்துக்கு ஒரு முறை திரும்ப ஊற்ற வேண்டும், ஒரே தடவையில் முடிகிற வைத்தியம் இல்லை. நோயுள்ள மரத்தை விட அதன் பக்கத்தில் நிற்கும் நல்ல மரத்துக்கு ஊற்றுவதுதான் அதிகப் பலன் தரும். பலர் தலைகீழாகச் செய்கிறார்கள், சாகிற மரத்துக்கு எல்லாவற்றையும் ஊற்றிவிட்டு, நிற்கிற மரத்தைப் பிறகு பார்க்கலாம் என்று விட்டுவிடுகிறார்கள். கையுறை, நீளக்கை சட்டை போடுங்கள், கிணற்றுக்கும் மீன்குளத்துக்கும் பக்கத்தில் ஊற்றாதீர்கள்.

கந்தகத்துக்கு நம் தோட்டங்களில் நல்ல பேர் உண்டு, அந்தப் பேரில் நியாயமும் உண்டு. ஆனால் அது வரும்முன் காக்கும் வேலைக்கு. நடவுக் குழியில் 100 முதல் 150 கிராம் வரை கந்தகத்தூளை, எடுத்த மண்ணோடு நன்றாகக் கலந்து போட்டால், மண்ணின் புளிப்பு ஏறும். அந்தப் புளிப்பில் ட்ரைக்கோடெர்மா போன்ற எதிரிப் பூஞ்சைகள் தழைத்து வெள்ளை வேரை அமுக்கும். ஆகவே பட்ட இடத்தில் மறுபடி கன்று வைக்கும்போது போடுங்கள். நோய் பிடித்த மரத்தின் கழுத்தில் கைப்பிடி கைப்பிடியாகக் கொட்டினால் மரம் குணமாகாது, இளவேர் கருகும். சுண்ணாம்பும் கந்தகமும் சேர்த்துப் போடுவது ஒன்றை ஒன்று அடித்துக்கொள்வது. ட்ரைக்கோடெர்மாவையே பாக்கெட்டில் வாங்கிப் போடலாமா என்றால், பரிசோதனைச் சாலையில் நன்றாக வேலை செய்கிறது, நிலத்தில் ஒரு இடத்தில் செய்கிறது, இன்னொரு இடத்தில் செய்வதில்லை. பழைய பாக்கெட்டில் உயிர் இருக்காது, ட்ரையசோல் ஊற்றிய கையோடு போட்டால் அந்த மருந்து இதையும் சேர்த்துக் கொன்றுவிடும். கட்டையை எடுத்த பிறகு துணைக்குப் போடுங்கள், கட்டைக்குப் பதிலாகப் போடாதீர்கள்.

தடுப்பு வாய்க்கால் உங்களுக்கு உதவும், ஏனென்றால் பொட்டல் இன்னும் சின்னது. சுத்தமான மரம் என்று குறித்தீர்களே, அதற்கும் நோய்ப் பக்கத்துக்கும் நடுவில் 60 சென்டிமீட்டர் ஆழம், 30 சென்டிமீட்டர் அகலத்தில் வெட்டுங்கள். மண்ணை நோய்ப் பக்கத்திலேயே போடுங்கள். வேர் எங்கே அறுபடுகிறதோ அங்கே துண்டை எடுத்துவிடுங்கள். மூன்று மாதத்துக்கு ஒரு முறை உள்ளே இறங்கிப் புது வேர் குறுக்கே போகிறதா என்று பார்த்து வெட்டாவிட்டால், ஒரு வருஷத்தில் வாய்க்கால் வெறும் பள்ளம். சரிவான நிலம் என்றால் மழைநீர் அதில் ஓடி மண் அரிக்கும், அங்கங்கே தடுப்புத் திட்டு விடுங்கள்.

செம்படாக் வாடுவதற்குக் காரணமும் இதே நோயாக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு, பலாவும் செம்படாக்கும் வெள்ளை வேருக்குப் பிடித்த மரங்கள். ஆனால் செம்படாக் தண்ணீர் தேங்கினாலும் வாடும், ஆகவே அதன் அடியையும் திறந்து பாருங்கள். பட்ட இடம் காலியாக இருக்கிறதே என்று மரவள்ளி நடுவது நம்மிடம் உள்ள பழக்கம். இந்த நிலத்தில் அது வேண்டாம், மரவள்ளி இந்தப் பூஞ்சைக்கு நல்ல தீனி, கொக்கோவும் அப்படியே. அதற்குப் பதிலாக வரிசைகளுக்கு நடுவில் பியூரேரியா, கலப்பகோனியம், சென்ட்ரோசீமா மாதிரி மூடுபயிரைப் படரவிடுங்கள். மண் ஈரமாக இருந்து பழைய கட்டை சீக்கிரம் மக்கும், பூஞ்சையும் கொடி வேர்களில் ஓடி ஓடித் தன் பலத்தைச் செலவழித்துவிடும். கொடி கன்றின் மேல் ஏறாமல் கழுத்தைச் சுற்றி வட்டமாகச் சுத்தம் செய்துவைப்பது கூடுதல் வேலை, அதைச் செய்தே ஆக வேண்டும். லாலாங் புல் மண்டிய நிலத்தை விட மூடுபயிர் நிலத்தில் வேர் நோய் சில வருஷங்களில் குறைவது பல காலமாகத் தோட்டங்களில் பார்த்த விஷயம். முதலிரண்டு வருஷம் நோய் கொஞ்சம் அதிகமாகத் தெரியலாம், பயந்து கொடியை அழித்துவிடாதீர்கள்.

மிச்சமிருக்கும் ஏக்கரில் கிழட்டு மரம் இன்னும் நிற்கிறதென்றால், அடுத்த முறை வெட்டும்போது முகத்தைத் திறந்து போடாதீர்கள். வெட்டிய அன்றே கட்டையின் முகத்தில் கிரியோசோட்டோ தாரோ பூசினால் காற்றில் வரும் வித்துத்தூள் உட்காராது. கட்டையைத் தோண்ட முடியாத இடத்தில் ட்ரைக்ளோபைர் களைக்கொல்லியை டீசலில் கலந்து அடிப்பட்டையில் பூசிச் சாகடியுங்கள். உயிரோடு துளிர்விட்டுக்கொண்டிருக்கும் கட்டையை விட, சீக்கிரம் செத்து மற்றப் பூஞ்சைகள் குடியேறிய கட்டை ஆபத்து குறைந்தது.

கடைசியாக அரசமரம். உங்கள் கன்றுகளுக்கும் அதற்கும் நடுவில் முப்பது அடி என்கிறீர்கள். பெரிய அரசமரத்தின் வேர் அதைத் தாண்டியும் வரும், ஆகவே வாய்க்காலை அந்தப் பக்கமும் ஒரு கை நீட்டுங்கள். ஆனால் கோயில் மரங்களுக்குப் பால்மர நோயை விடப் பெரிய ஆபத்து நாம் கட்டும் பீடம்தான். வேர்க்கழுத்து மறையச் சிமெண்டு போட்டு, ஓடு பதித்து, உள்ளே மண்ணை நிரப்பினால் பட்டை எப்போதும் ஈரத்திலேயே இருக்கும். தொட்டில் கட்ட அடித்த ஆணி, பட்டையை ஒட்டி எரியும் விளக்கு, கட்டும்போது வெட்டிய வேர் என்று ஒவ்வொரு காயமும் அழுகல் பூஞ்சைக்கு வழி. மரத்துக்கும் பீடத்துக்கும் நடுவில் ஒரு முழ இடைவெளி விட்டு மண் தெரியவிடுங்கள், கழுத்தில் ஏறிய மண்ணை இறக்குங்கள், விளக்கை மாடத்துக்கு மாற்றுங்கள். மரச்சுத்தியலால் அடித்தண்டைச் சுற்றித் தட்டிப் பார்க்கும்போது ஒரு பக்கம் மட்டும் பறை மாதிரிப் பொத்தென்று கேட்டாலோ, அடியில் கெட்டியான தட்டுக் காளான் வந்திருந்தாலோ, மண் ஒரு பக்கம் வெடித்துத் தூக்கியிருந்தாலோ, இலை பச்சையாக இருக்கிறதே என்று நம்பாதீர்கள். வேர் அழுகிய பெரிய மரம் பச்சை இலையோடுதான் சாயும். திருவிழாக் கூட்டம் அதன் அடியில் நிற்பதற்கு முன் நகராண்மைக் கழகத்து மர ஆய்வாளரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். அது சுத்தியலும் கண்ணும் மட்டும் வைத்து முடிவெடுக்கிற காரியம் இல்லை.

மருந்து வாங்குவதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். நூல் ஓடும் வேரில் ஒரு முழத் துண்டை, பாதி நல்லதும் பாதி அழுகியதுமாக வரும்படி வெட்டி, ஈரக் காகிதத்தில் சுற்றி, காற்றுப் போகும் பையில் போட்டு, மலேசிய ரப்பர் வாரியத்தின் கிளையிலோ ரிஸ்டா (ரப்பர் சிறுதோட்டக்காரர்களுக்கான அரசு அமைப்பு) அலுவலகத்திலோ காட்டுங்கள். முழுக்க அழுகிய துண்டில் வேறு பூஞ்சைகள் ஏறியிருக்கும், அதை வைத்துச் சோதனை செய்தால் தப்பான பெயர் வரலாம். பிளாஸ்டிக்கில் இறுக்கிக் கட்டி வெயிலில் காருக்குள் வைத்துவிட்டுப் போனாலும் அப்படித்தான்.